குட்டிச்சாத்தான் ஓட்டிய மீட்பு வண்டி

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உடம்பைப் பற்றி எழுதாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய். உடம்பு நன்றாக இருக்கிறது. நானே சமைத்து நானே சாப்பிடுவதால் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அத்தான் எப்படி இருக்கிறார்? ஆஸ்பத்திரியில் நான் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது வலது கை அசையாமல், வாயைத் திறந்தால் வார்த்தை வராமல் படுத்திருந்தார். "பேச ஆரம்பித்துவிட்டார்" என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே மியூசியத்தில் எனக்கு வேலை பிடித்திருக்கிறது. ஒரு பெரிய கொட்டகை. அதில் ராணுவ வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஜீப், கவச வண்டி, பாலம் சுமக்கும் வண்டி, தண்ணீரிலும் தரையிலும் போகிற ஒன்று. அவற்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓடக்கூடியதை ஓட வைப்பது என் பொறுப்பு.

போன வாரம் ஒரு மீட்பு வண்டி வந்து இறங்கியது. சேற்றில் மாட்டிக்கொண்ட பீரங்கி வண்டியை இழுத்து வெளியே கொண்டுவருமே, அந்த ரகம். பின்பக்கத்தில் முத்திரையைப் பார்த்தேன். அத்தான் ராணுவத்தில் மெக்கானிக்காகவும் டிரைவராகவும் இருந்த அதே பட்டறை! வண்டியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. டேங்கிலிருந்து டீசல் இறங்குகிறது, பம்புக்கு வந்து சேரவில்லை. அத்தான் ஒருமுறை பெருமையடித்தது ஞாபகம் வந்தது. யாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவர் பட்டறையில் எல்லா மீட்பு வண்டியிலும் டீசல் குழாயில் ஒரு ரகசிய வால்வு வைத்திருந்தார்களாம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்.

போனில் கேட்டால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். "தொழில் விஷயத்தை வாயால கேட்காதடா, எழுதிக் கேளு" என்று வைத்துவிடுவார். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

ஜூன் மாதம் புதுக் கூடத்தைத் திறக்கிறார்கள். அதற்குள் ஓடாவிட்டால் எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் பெயின்ட் அடித்து நிறுத்தப் போகிறார்களாம். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 20

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே அடுப்பு எரிகிறது, சாமி விளக்கு எரிகிறது, வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறோம். நீ இளைத்தாய் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவேன். வெந்நீர் குடி. காலில் செருப்பில்லாமல் அந்த இரும்புக்குள் இறங்காதே.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பட்டறை முத்திரை பற்றி எழுதியிருந்த இடத்தைத் திரும்பவும் படித்தேன். வால்வு, பம்பு என்று நீ எழுதியதில் எனக்கு ஒன்றும் தடங்கல் இல்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய புத்தகங்களில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவள் நான். அதில் பாதி இயந்திரப் படம்தான்.

படித்து முடித்து, "அந்த வால்வு எங்க இருக்குன்னு கேட்கிறான்" என்றேன். "அப்புறம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். அதற்கும் "அப்புறம்"தான்.

அவசரப்படாதே. வேலையில் நல்ல பெயர் எடு. இங்கே ஒன்றும் நீ ஓடி வரும்படியாக இல்லை. தினமும் உனக்காகவும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வெந்நீர் குடிக்கிறேன். செருப்பு இல்லை, பூட்ஸே போடுகிறேன்.

அத்தான் "அப்புறம்" என்று சொல்லிவிட்டாரே, எப்போது அப்புறம்? அந்த வண்டிக்குள் இறங்கி, டார்ச் அடித்து, கை போகிற இடமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். டீசல் குழாய் ஓட்டுநரின் இரண்டு பக்கமும் தகட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. வண்டியை ஓய்வுக்கு அனுப்பும்போது தகடு முழுக்க ரிவெட் ஆணி அடித்து மூடிவிட்டார்கள். வெளியே ஒரு கேன் வைத்துப் புதுக் குழாயில் டீசல் கொடுத்தால் ஓடிவிடும். ஆனால் பழைய வண்டியில் புதுச் சாமான் பூட்டக் கூடாது என்பது மியூசியத்தின் சட்டம். அதுவும் சரிதான்.

இன்னொன்று. உன் கடிதத்தில் அத்தான் என்னைத் திட்டவே இல்லையே? ஒரு "பித்தளை மண்டை" கூடவா இல்லை? நான் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்த நாளிலிருந்து அதுதானே என் பெயர். போன வாரம் போன் செய்தபோதும் குளிக்கிறார் என்றாய். அதற்கு முந்தின வாரமும் குளித்துக்கொண்டிருந்தார். அத்தான் இவ்வளவு சுத்தமான ஆள் இல்லையே.

திட்டையும் சேர்த்து எழுதவும்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 25

தம்பிக்கு,

இறைவன் துணை. இங்கே சுகம். உன் சுகத்துக்கு என் பிரார்த்தனை.

உன் கடிதம் கேட்டதும் உன் அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறுமையில்லாத பிள்ளையே, உனக்கு நிதானம் என்பதே கிடையாதா?" என்று திட்டினார். போதுமா?

அவருக்கு வெளிக்காற்று நல்லது என்று பயிற்சி கொடுக்க வருகிறவர் சொன்னார். அதனால் எங்கள் ஊர் மியூசியத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். கீழே ஒரு முற்றத்தில் இரண்டு ராணுவ லாரியும் ஒரு கவச வண்டியும் நிற்கின்றன. அதைப் பார்த்தால் அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

கழிப்பறை தேடி லிஃப்டில் மேலே போனோம். அங்கே ஒரு கூடம் முழுக்கப் பொம்மைகள். பொம்மை என்றால் ஒரு விரல் உயரம்தான். பன்றி மூக்கு வைத்த பூதங்கள், எலும்புக்கூட்டுப் படை, சிறகு விரித்த ராட்சதப் பல்லி, அதன் மேல் ஒரு ராஜா. கண்ணின் கருவிழி வரைக்கும் வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். மேஜை மேல் மலையும் ஆறும் செய்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தாயக்கட்டை உருட்டிப் போர் நடத்துவார்களாம். வர்ணம் தீட்டுகிற பெண் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு, படையின் மொத்த மதிப்பு பேசி வைத்த அளவைத் தாண்டக் கூடாது என்று விளக்கினாள். "அப்படின்னா இது என் மாசச் செலவுக் கணக்குதான்மா" என்றேன். "ஆமாம்மா, ஒரு ராட்சதப் பல்லி வாங்கினா மாசம் பூரா ரசம்தான்" என்றாள். நல்ல பெண். விரல் நுனியெல்லாம் பச்சை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உன் அத்தான் கையை நீட்டி, மேஜை மேலிருந்த ஒரு குட்டி வண்டியை எடுத்து, அணிவகுப்பின் கடைசியில் வைத்தார். அவ்வளவுதான் விசேஷம்.

வால்வைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

நான் நலம். இது சின்னக் கடிதம்.

அத்தான் என்னைத் திட்டியதை எங்கள் மியூசியப் பட்டறையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். அப்படித் திட்டுகிற மெக்கானிக்கை இவர்கள் யாரும் பார்த்ததில்லையாம். நானும் பார்த்ததில்லை. "பிள்ளையே" என்று அத்தான் அவர் பெற்ற மகனைக்கூட, ஒருவன் இருந்திருந்தால், கூப்பிட்டிருக்க மாட்டார்.

அது உன் திட்டு, அக்கா. பால் பொங்கி வழியும்போது நீ அடுப்பைத் திட்டுகிற திட்டு.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். அத்தான் பேசுகிறாரா?

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. சாமி படத்துக்கு அடியில் வைத்திருந்தேன். விளக்கேற்றும்போதெல்லாம் அது கண்ணில் படும். இனிமேல் மறைத்து வைத்தால் விளக்கேற்றுவதற்கே அர்த்தமில்லை என்று தோன்றியது.

பேசவில்லை. அவர் வாயில் வருவது ஒரே வார்த்தை. அப்புறம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், முதுகு வலித்தாலும் அப்புறம், காலையில் கண் விழித்து என்னைப் பார்த்தாலும் அப்புறம். ஆகவே அவர் "அப்புறம்" என்றார் என்று உனக்கு எழுதியது பொய் இல்லை. திட்டினார் என்று எழுதியதுதான் பொய். அதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடமும் கேட்கிறேன்.

வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. மியூசியத்துக்குச் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு போனேன். அம்மா படுத்தபோது நீ என்ன செய்தாய்? கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். அப்புறம் எத்தனை காலம் வேலையில்லாமல் அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். மறுபடி அப்படி ஆகக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பெரிய டாக்டர் பார்த்தார். உன் அத்தானை வைத்துக்கொண்டே என்னிடம், "நாம பேசறது இவருக்கு எவ்வளவு புரியுதுன்னு சொல்ல முடியாதும்மா. ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கேட்டாரா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை, தம்பி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வாயில் கவளம் ஊட்டிக்கொண்டு, எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் வலது பக்கத்துப் பார்வை போயிருக்கிறதாம். பயிற்சிக்காரர் விரலை ஆட்டிக் காட்டினார். அன்றைக்கு முற்றத்தில் அந்தப் பெரிய லாரி அவர் கண்ணில் பாதிதான் விழுந்திருக்கும். பாதி லாரி என்பது வெறும் தகரம்தானே. ஆனால் மேலே அந்தக் குட்டி வண்டி முழுசாக விழுந்தது. கையை நீட்டினார்.

அதனால் மறுபடியும் அழைத்துப் போனேன். அவர் பூதங்களின் வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். தண்ணீர்ப் பீப்பாய் வண்டியை நடுவில் வைத்தார். கொக்கி வைத்த வண்டியைக் கடைசிக்குக் கொண்டுபோனார், ராணுவ வரிசையில் மீட்பு வண்டி கடைசியில் போவது போல. அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஐயா டிரைவரா இருந்தாரா?" என்று கேட்டாள். நான் சொல்லாமலே கேட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. வெறும் கைப்பழக்கத்தில் நகர்த்துகிறாரோ? ஆசையில் நான்தான் இல்லாததைப் பார்க்கிறேனோ? உன் வால்வைக் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் அது இருந்துவிட்டால், எனக்கு வேறு டாக்டர் வேண்டாம்.

கோபித்துக்கொள். ஆனால் வேலையை விட்டுவிட்டு வராதே.

அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. ஆனாலும் நலம்தான்.

கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ தனியாக அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனதை நினைத்தால்தான் கோபம். வேலையை விடவில்லை. கூடம் திறந்த மறுநாள் லீவு கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள்.

இனி தொழில் விஷயம். கீழே உள்ளதை அத்தானுக்குப் படி.

"அத்தான், வால்வு தகட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு இடது பக்கமா, வலது பக்கமா என்பது மட்டும்தான் தெரிய வேண்டும். எங்கள் நிர்வாகி அம்மா ஒரு பக்கத் தகட்டைக் கழற்ற மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். பழைய ரிவெட்டை உடைத்தால் திரும்பக் கிடைக்காது என்கிறார். ஆகவே ஒரே ஒரு தரம். யோசித்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்."

அக்கா, அவருக்கு விளங்கும்படி ஏதாவது குட்டி வண்டி கிடைத்தால் அதை வைத்துக் கேள். வாயால் சொல்லாவிட்டால் என்ன, அவர் எப்போதும் வாயால் கேட்காதே என்று சொன்னவர்தானே.

தம்பி

*

ஏப்ரல் 21

தம்பிக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே நலம். உன் கடிதத்தை வரி விடாமல் படித்துக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் கேட்டார்.

வர்ணம் தீட்டுகிற பெண்ணிடம் போய்க் கேட்டேன். குள்ள பூதங்களின் இரும்பு வண்டி ஒன்றைக் கொடுத்தாள். மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு சின்ன இருக்கை. அதற்கென்று இருந்த பூதம் உடைந்து போனதாம், அதனால் காது நீண்ட குட்டிச்சாத்தான் ஒன்றை உட்கார வைத்துக் கொடுத்தாள். "துணைக்கு இன்னொண்ணும் வச்சுக்கோங்கம்மா, இது தலை பெருசா போயிடுச்சு, படையில சேர்க்க முடியாது" என்று இன்னொரு குட்டிச்சாத்தானையும் கையில் வைத்தாள். எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வந்தேன். வீட்டில் இவற்றை எங்கே வைப்பது? இருக்கிற ஒரே அலமாரி சாமி அலமாரி. கடைசியில் கீழ்த்தட்டில் வைத்து, சாமிக்குத் தெரியாமல் துணி போட்டு மூடியிருக்கிறேன். சாமிக்குத் தெரியாமல் இருக்குமா, தெரிந்தும் பொறுத்துக்கொள்ளும்.

கட்டிலில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். மடியில் தட்டு. தட்டை இடது ஓரமாக இழுத்து வைத்தேன், அங்கேதான் அவர் கண் போகிறது. நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வண்டியைத் தட்டில் வைத்தேன். அவர் அதை எடுத்து, மூக்கு என்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டார். உன் பழைய சட்டையில் இருந்த சிவப்புப் பட்டன் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுதான் வால்வு. எங்கே இருக்கு?" என்றேன்.

ரொம்ப நேரம் பட்டனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் குட்டிச்சாத்தானுக்குப் பக்கத்தில், இருக்கையை ஒட்டி வைத்தார்.

நான் அதோடு விடவில்லை. பட்டனை எடுத்துவிட்டேன். மறுநாள் மறுபடி கேட்டேன், அதே இடம். அதற்கு மறுநாளும் கேட்டேன். வேண்டுமென்றே பட்டனை மறுபக்கம் வைத்துப் பார்த்தேன். எடுத்து, பழைய இடத்திலேயே வைத்து, என்னை முறைத்தார்.

எழுதிக்கொள். இடது பக்கம். வீட்டுக் கணக்கில் நான் ஒரு வரி பிசகினதில்லை என்பது உனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

பதிலை உடனே போடு.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

இடது தகட்டைக் கழற்றினோம். முழு நாள் ஆனது. உள்ளே குழாய் இருக்கிறது, சுத்தமாக, ஒரு மூட்டுகூட இல்லாமல் போகிறது. வால்வு இல்லை. நான் தலையை உள்ளே விட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அடுத்தவனையும் பார்க்கச் சொன்னேன்.

நிர்வாகி அம்மா நல்லவர். "பரவாயில்ல, முயற்சி பண்ணீங்க" என்றார். மாதக் கடைசியில் கிரேன் வருகிறது. எஞ்சினைத் தூக்கிவிடுவார்கள்.

அக்கா, வருஷம் பல ஆகிவிட்டது. பேசுகிற ஆளுக்கே மறந்திருக்கும். இந்த வண்டி எத்தனை கை மாறியதோ, வால்வை யாராவது எடுத்தும் இருக்கலாம். இதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வராதே. அத்தானிடம் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம். வண்டி ஓடிவிட்டது என்று சொல்லிவிடு.

சாப்பிடாமல் இருக்காதே.

தம்பி

*

மே 15

தம்பி,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நன்றாக என்றால், உண்மையாகவே நன்றாக.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வேலை செய்தேன். படிக்க வேண்டாம் என்றாய், படிக்கவில்லை. ஓடிவிட்டது என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்டு முடிந்து இன்னும் கொஞ்ச நாள்கூட ஆகவில்லையே. குட்டிச்சாத்தான் வண்டியைத் துணியோடு சுருட்டி, திருப்பிக் கொடுக்க வாசலில் வைத்தேன்.

தபால்காரர் வந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் வரை "அப்புறம், அப்புறம்" என்று கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். தலையணையை மாற்றினேன், அதற்கும் தட்டினார். முந்தானையைக் காட்டினார். சரி, எழுதிக் கேட்டவன் எழுதிய பதில், அது அவருடையது என்று எடுத்துப் படித்துவிட்டேன்.

படித்து முடித்ததும் பலகையில் குத்துவது மாதிரி கட்டிலில் ஒரு குத்து. வாசலைக் காட்டினார். வண்டியைக் கொண்டுவந்து தட்டில் வைத்தேன். மூக்கு என்னைப் பார்க்கத் திருப்பினார். பட்டனை எடுத்து அதே இடத்தில் வைத்தார். "அங்க இல்லையாம், கழற்றிப் பார்த்துட்டானாம்" என்றேன். மறுபடியும் பட்டனைத் தட்டினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இடது பக்கம் இல்லைங்கிறேன், எத்தனை தடவை சொல்றது!" என்று சத்தம் போட்டுவிட்டேன். இத்தனை மாதத்தில் நான் அவரிடம் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். என்ன பலம்! ஸ்டூல் சாய்ந்துவிட்டது. விடவில்லை. கட்டிலைச் சுற்றி வரும்படி இழுத்து, தனக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். தட்டைக் காட்டினார்.

அங்கிருந்து பார்த்தேன். குட்டிச்சாத்தானின் முதுகு தெரிந்தது. அதன் தலைக்கு மேலாக வண்டியின் மூக்கு, அதற்கு நேரே காலி ஸ்டூல். பட்டன் குட்டிச்சாத்தானுக்கு வலது பக்கத்தில் இருந்தது.

இத்தனை நாளும் நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேனடா! ஓட்டுகிறவன் பார்ப்பது போலத்தான் அவர் வண்டியை வைத்திருக்கிறார். எனக்கு இடது, அவருக்கு வலது. கணக்குத் தப்பாதவள் என்று உனக்குப் பெருமையடித்தேனே, எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வலது பக்கம். வலது பக்கம். கிரேனை நிறுத்து.

அக்கா

*

மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், கைகள் இரண்டும் கறுப்பு, காது அடைத்திருக்கிறது. காரணம் கீழே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போனேன். வேறு வழி தெரியவில்லை, நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப, ஒரு குட்டிச்சாத்தான் சொல்லித்தான் என் இடது பக்கத்து ரிவெட்டை எல்லாம் உடைச்சீங்க?"

"ஆமா மேடம்."

"இப்ப?"

"அதே குட்டிச்சாத்தான் வலதுன்னு சொல்லுது மேடம். அது முதல்லயும் வலதுன்னுதான் சொல்லிச்சு. எங்க அக்காதான் எதிர்ப்பக்கமா உட்கார்ந்துட்டாங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உங்க அத்தானுக்கு இது தெரிஞ்சாகணும், இல்லையா?" என்றார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இதுக்கு என்ன காரணம்னு மேலிடத்துக்கு எழுதறதுன்னுதான் தெரியல" என்று அப்போதுதான் சிரித்தார்.

வலது தகட்டைக் கழற்றினோம். ஒரு சாண் உள்ளே கையை விட்டேன். விரலில் பட்டது. பித்தளை வால்வு, கட்டைவிரல் அளவு. அதிர்வில் தானாகத் திரும்பிவிடாமல் இருக்கக் கம்பியால் கட்டியிருந்தது. இரட்டைச் சுற்று, முனை உள்ளே மடித்து. அத்தான் சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டுவாரே, அதே கட்டு. கொஞ்ச நேரம் அதை அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவிழ்த்துத் திருப்பினேன். பம்பை அடித்தேன். டீசல் வந்தது. முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமல்தான். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது பார், கொட்டகைக் கூரையில் இருந்த புறா எல்லாம் வெளியே! நிர்வாகி அம்மாவின் வெள்ளைச் சேலை முழுக்கப் புகைக்கரி. அவர் கவனிக்கவே இல்லை, கைதட்டிக்கொண்டிருந்தார். கிரேன்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் பத்தாம் தேதி கூடம் திறக்கிறார்கள். பதினொன்றாம் தேதி கிளம்பி வருகிறேன். சக்கர நாற்காலியை நான் தள்ளுகிறேன்.

இந்தக் கடிதத்தை அத்தானுக்கு முழுசாகப் படி. இப்போதாவது என்னை ஒரு வார்த்தை திட்டச் சொல். அது இல்லாமல் வண்டி ஓடியது மாதிரியே இல்லை.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடவுள் இருக்கிறார், நாங்களும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்தேன். கையை விட்ட இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினேன். "அப்புறம்" என்றார். படித்தேன். கம்பிக் கட்டு வந்தபோது மறுபடி நிறுத்தினேன். "அப்புறம்" என்றார். புறா பறந்தது வரை அப்படியே படித்து முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்ட இடத்தில் அவருடைய இடது கால் பாதம் போர்வைக்குள் ஒரு அழுத்து அழுத்தியது.

அடுத்த முறை பெரிய டாக்டரிடம் போகும்போது உன் அத்தானை வைத்துக்கொண்டு எதையும் பேச வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். காரணம் கேட்டால், அவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. "ஓட்டத் தெரிஞ்சவர்கிட்டயே இருக்கட்டும்மா" என்றாள். ஆகவே இரண்டு குட்டிச்சாத்தானும் இனி நம் வீட்டில்தான். துணியை எடுத்துவிட்டேன்.

நீ கேட்டபடி, "உங்க மச்சானைத் திட்டணுமாம்" என்றேன். யோசித்தார். துணைக்கென்று வந்த அந்தத் தலை பெருத்த குட்டிச்சாத்தானை எடுத்தார். அதைத் தலைகீழாக, மண்டை தட்டில் படும்படி நிறுத்தினார். அதன் மேல் விரலை வைத்தார், அப்புறம் உன் கடிதத்தின் மேல் வைத்தார். மறுபடி அதன் மேல், மறுபடி கடிதத்தின் மேல். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியாக, பித்தளைச் செம்பைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, அதன் மண்டையில் நகத்தால் டங் என்று ஒரு சுண்டு சுண்டினார்.

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை, தம்பி. அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

வரும்போது வெயிலில் அலையாமல் வா.

அக்கா